மாரட் வீதியும் அமெரிக்காவும்: இடத்துக்குப் பெயர் வைப்பது யார்?

மதுரையில் ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி என்று கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக வரும் வீதிகளுக்கு மாதப் பெயர்கள். மாசி வீதியைத் தாண்டியதும் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று ஆட்களின் பெயர்கள் தொடங்குகின்றன. 19-ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது கிடைத்த நிலத்தில் போட்ட வீதிகள் இவை. புது இடம் என்பதால் பழைய பெயர் இல்லை. பதிவேட்டில் எழுத ஒரு பெயர் வேண்டும். அந்த வேலையில் ஈடுபட்டவர்களின் பெயரே நின்றுவிட்டது. உலக வரைபடத்தில் மாலுமிகளின் பெயர்கள் ஏறியதும் ஏறக்குறைய இப்படித்தான். அங்கே மட்டும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பழைய பெயர் இருந்த இடங்களையும் "பெயரில்லாத இடம்" என்றே எழுதிவிட்டார்கள்.

"கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்தார்" என்று வினாடி வினாப் புத்தகங்கள் சொல்வது பெரும்பாலும் தவறு. கப்பல் தலைவருக்கு அடுத்த பயணத்துக்குப் பணம் வேண்டும். அதனால் பணம் கொடுத்தவர் பெயரை வைப்பார். இல்லையென்றால் அன்றைய திருநாளின் பெயரை வைப்பார். வாஸ்கோ ட காமா 1497 கிறிஸ்துமஸ் சமயத்தில் கடந்த தென்னாப்பிரிக்கக் கரை நேட்டால் (போர்த்துகீசிய மொழியில் கிறிஸ்துமஸ்) ஆனது. 1722-இல் ஈஸ்டர் நாளன்று டச்சு மாலுமி ரோகவீன் பார்த்தது ஈஸ்டர் தீவு. மெகல்லன் 1520-இல் கடந்த நீர்ச்சந்திக்கு அவர் வைத்த பெயர் 'அனைத்துப் புனிதர்கள்'. ஏபல் டாஸ்மன் 1642-இல் தாம் கண்ட தீவுக்குத் தம்மை அனுப்பிய ஆளுநர் வான் டீமனின் பெயரைத்தான் வைத்தார்.

அப்படியானால் மாலுமியின் பெயரை ஏற்றியவர் யார்? பெரும்பாலும் கப்பலே ஏறாத வரைபடக்காரர். பிரான்சின் லொரேன் பகுதியில் சான் டியே என்ற சிற்றூரில் 1507-இல் மார்ட்டின் வால்ட்சேமுல்லரும் மத்தியாஸ் ரிங்மனும் ஓர் உலக வரைபடம் வெளியிட்டார்கள். 12 மரக்கட்டைகளில் செதுக்கி, 12 தாள்களில் அச்சடித்து ஒட்டினால் ஒரு சுவரையே மறைக்கும் அளவு. அதில் தென்பகுதிக் கண்டத்தின் மேல் 'அமெரிக்கா' என்று பொறித்தார்கள். கொலம்பஸ் 1506-இல் இறக்கும்வரை ஆசியாவுக்கே போய்ச் சேர்ந்ததாகச் சொல்லிவந்தார். இத்தாலிய மாலுமி அமெரிகோ வெஸ்பூச்சியின் பெயரில் அச்சான கடிதங்களோ 'இது புதிய உலகம்' என்றன. வரைபடக்காரர்கள் கையில் இருந்த ஆதாரம் அந்தக் கடிதங்கள்தாம். ஐரோப்பா, ஆசியா ஆகியவை லத்தீனில் பெண்பால் என்பதால் அமெரிகோ, அமெரிக்கா ஆனார்.

பிழை எங்கே நேர்ந்தது என்பதைவிட, அது ஏன் திருந்தவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. வால்ட்சேமுல்லர் 1513-இல் வெளியான வரைபடத்தில் அந்தப் பெயரை எடுத்துவிட்டார். அந்நிலத்தைக் கண்டவர் கொலம்பஸ் என்றும் குறித்தார். ஆனால் முதல் வரைபடத்தில் ஆயிரம் படிகள் அச்சிட்டதாக அவரே பின்னர் எழுதியிருக்கிறார். அவை ஊர் ஊராகப் போய், மற்றவர்கள் அவற்றைப் பார்த்து வரைந்துவிட்டார்கள். 1538-இல் வரைபடக்காரர் மெர்காட்டர் வடக்குக்கும் தெற்குக்கும் சேர்த்தே அமெரிக்கா என்று போட்டதோடு கதை முடிந்தது. கையால் எழுதிய ஒற்றைப் படியாக இருந்திருந்தால் சுரண்டி அழித்திருக்கலாம். அச்சில் பரவியதைத் திரும்பப் பெற முடியாது.

பசிபிக்கிலும் இதே கதைதான். 1788-இல் சிட்னியில் கைதிகளை இறக்கிவிட்டு, தேயிலை ஏற்றச் சீனாவுக்குப் போன இரண்டு கப்பல்களின் தலைவர்கள் கில்பர்ட்டும் மார்ஷலும். வழியில் பார்த்த தீவுகளுக்கு அவர்கள் பெயரைப் பிற்பாடு நிலைநாட்டியவர் ரஷ்யக் கடற்படையின் க்ரூசென்ஷ்டெர்ன். குக் வைத்த 'ஹெர்வி' என்ற பெயர் போய் அந்தத் தீவுக்கூட்டம் குக் தீவுகள் ஆனதும் க்ரூசென்ஷ்டெர்னின் வரைபடத்தால்தான். கில்பர்ட் தீவுகள் 1979-இல் விடுதலை அடைந்தபோது வைத்துக்கொண்ட பெயர் கிரிபாட்டி. 'கில்பர்ட்ஸ்' என்பதை அந்தத் தீவு மொழியில் சொன்னால் வரும் உச்சரிப்பு அது. அங்கே 'டி' என்று எழுதுவதை 'ஸ்' என்று ஒலிக்க வேண்டும் என்பதால் 'கிரிபாஸ்' என்பதே சரி.

மூன்றாவது வழி அரசாணை. வான் டீமன் நிலம் என்றாலே கைதிகள் குடியிருப்பு என்ற களங்கம் ஒட்டிக்கொண்டதால் 1856-இல் அது டாஸ்மேனியா ஆனது. டாஸ்மன் கரையைக் கண்டு 200 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தது. 1819-இல் ஸ்பெயினிடமிருந்து பிரிந்த நாடு கொலம்பியா என்று பெயர் சூட்டிக்கொண்டதும் இந்த வகையே. இன்றைய கொலம்பியாவில் கொலம்பஸ் கால் வைத்ததே இல்லை.

நில அளவைக்காரர்களும் விலக்கல்ல. 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய பெரும் முக்கோண அளவை (நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் பணி), வடக்கே நகர்ந்து இமயத்தைத் தொட்டது. 15-ஆம் எண் சிகரத்துக்கு உள்ளூர்ப் பெயர் கிடைக்கவில்லை என்று சொல்லி, 1856-இல் அளவைத் தலைவர் ஆண்ட்ரூ வா (Waugh) தன் முன்னோடி எவரெஸ்டின் பெயரை முன்மொழிந்தார். எவரெஸ்டே மறுத்தும் 1865-இல் அது உறுதியானது. சோமோலுங்மா என்ற திபெத்தியப் பெயர் 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வரைபடத்திலேயே இருந்தது. கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல் 'பெயரில்லை' என்று எழுதியது பெரிய அநியாயம்.

நமக்குப் பக்கத்திலும் சான்று இருக்கிறது. ராமநாதபுரம் கரையை ஒட்டிய மன்னார் வளைகுடாவுக்கு எதிரே இலங்கையில் உள்ள மன்னார் என்ற ஊரின் பெயர். அதற்கு வடக்கே பாக் நீரிணைக்கு 1760-களில் சென்னை ஆளுநராக இருந்த ராபர்ட் பாக்கின் பெயர். அவர் மாலுமி அல்ல. வெற்றிலைப் பாக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அட்லஸில் ஒரு பெயரைச் சோதிக்க மூன்று ஆண்டுகளைத் தேடுங்கள்: பயணம் நடந்த ஆண்டு, பெயர் முதலில் வரைபடத்தில் ஏறிய ஆண்டு, அரசு ஏற்ற ஆண்டு. மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம். இடைவெளி பெரிதானால் வைத்தவர் வேறு ஆள் என்று கொள்ளலாம்.

இன்று இதற்கு விதிகள் உண்டு. நிலவுப் பள்ளத்துக்கு ஒருவர் பெயரை வைக்க, அவர் இறந்து குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்கிறது சர்வதேச வானியல் ஒன்றியம். கடலடி மேடுகளுக்கும் உயிரோடிருப்பவர் பெயரைப் பொதுவாக ஏற்பதில்லை. அரபிக்கடலுக்கு அடியில் 1951-இல் ஓர் அமெரிக்கக் கப்பல் கண்ட மேட்டுத்தொடர், 1992-இல் சி.வி. ராமன் பெயரால் ஏற்கப்பட்டது.