ஒளியால் டேப் பிடிப்பது எப்படி?

முக்காலியில் நிற்கும் டோட்டல் ஸ்டேஷனை (கோணமும் தூரமும் அளக்கும் நில அளவைக் கருவி) எதிரே ஒளியைத் திருப்பியனுப்ப வைத்த பிரிசத்தின் மேல் குறிவைத்துப் பொத்தானை அழுத்தினால், இரண்டொரு விநாடியில் திரையில் தூரம் 763.611 மீட்டர் என்று வந்துவிடும். நடுவில் ஓடையோ பள்ளமோ இருந்தாலும் கவலையில்லை. சங்கிலி இழுத்து அளந்த காலத்தில் இந்த ஒரு கோட்டுக்கே எத்தனை தடவை குனிந்து நிமிர்ந்திருக்க வேண்டும்!

ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அளந்தால் போதாதா? போதும்தான். ஆனால் ஒளி விநாடிக்கு 29,97,92,458 மீட்டர் ஓடுகிறது. ஒரு மில்லிமீட்டர் போய்வர அதற்குச் சுமார் 6.7 பிக்கோவிநாடி; விநாடியை லட்சம் கோடியாக வெட்டினால் ஏழு துண்டுகூட இல்லை. அதை நேரடியாகப் பிடிப்பது பெரும்பாடு. அதனால் பல கருவிகள் நேரத்தை விட்டுவிட்டு அலையைப் பார்க்கின்றன.

அகச்சிவப்புக் கற்றையின் பிரகாசத்தை மின்சுற்று விநாடிக்கு ஒன்றரைக் கோடி முறை, அதாவது 15 மெகாஹெர்ட்ஸில், ஏற்றி இறக்குவதாக வைத்துக்கொள்வோம். இந்த ஏற்ற இறக்கத்தின் அலைநீளம் 20 மீட்டர். கற்றை போய்வருவதால் 10 மீட்டர் தூரத்துக்கு ஒரு முழுச்சுற்று, அதாவது 360 பாகை. திரும்பிய அலை 130 பாகை பின்தங்கியிருந்தால் தூரம் 3.611 மீட்டர். 13.611 ஆகவும் இருக்கலாம், 763.611 ஆகவும் இருக்கலாம். எத்தனை சுற்று முடிந்தது என்று அலைக்குத் தெரியாது. உடனே கருவி 150 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. இப்போது 1000 மீட்டருக்கு ஒரு சுற்று. விடை '764 வாக்கில்' என்று தோராயமாகத்தான் வரும். மணி முள்ளிடம் நாம் நிமிடத்தைக் கேட்பதில்லையே. ஆனால் முந்தைய 3.611-ஐ இதனோடு பொருத்தினால் 763.611 என்று உறுதியாகிவிடும்.

1950-களில் தென்னாப்பிரிக்காவின் வாட்லி உருவாக்கிய டெல்லுரோமீட்டர் என்ற தூரமானி இதையே நுண்ணலையால் செய்தது. மூட்டத்தை அது ஊடுருவும். ஆனால் காற்றின் ஈரப்பதம் ஒளியைவிட நுண்ணலையை அதிகம் குழப்பும்.

பிரிசம் என்பது ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் கொண்ட கண்ணாடி மூலை. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கதிர் வந்த திசைக்கே திரும்பும். ஒரு கண்ணை மூடி அதற்குள் பாருங்கள்: தலையை எப்படி அசைத்தாலும் உங்கள் கண்தான் நடுவில் தெரியும்.

கருவி துல்லியமானது, தவறு பெரும்பாலும் நாம் கொடுக்கும் எண்ணில் இருக்கும். காற்றின் வெப்பநிலையை 10 டிகிரி தப்பாகப் பதிந்தால் ஒரு கிலோமீட்டரில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் பிசகும். பிரிசம் மாறிலி (அந்தந்தப் பிரிசத்துக்காக அளவில் கூட்டவோ கழிக்கவோ வேண்டிய நிலையான எண்) தப்பினால் இன்னும் மோசம்: கோடு குட்டையோ நெட்டையோ, ஒரே அளவு பிழை. இதைப் பிடிக்க ஒரு நேர்கோட்டில் மூன்று புள்ளிகள் போதும். முதல் துண்டு 40.030, அடுத்த துண்டு 60.030, முழுக்கோடு 100.030 என்று வந்தால், கூட்டிப் பார்த்தால் 30 மில்லிமீட்டர் மிஞ்சுகிறது. அதுதான் ஒவ்வோர் அளவிலும் ஒட்டிக்கொண்டிருந்த பிழை.