ஆம்புட்ஸ்மன்: குறைதீர்ப்பாளரா, குறைகேட்பாளரா?

ஆய்வு வழிகாட்டியோடு மனக்கசப்பு. கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது என்று தகராறு. புகார் எழுதிக் கொடுக்க அச்சம், மென்று விழுங்கவும் முடியவில்லை. இந்த நிலையில் இருப்பவர் தட்டுவதற்கென்றே பல பல்கலைக்கழகங்களில் ஒரு கதவு உண்டு: ஆம்புட்ஸ்மன் அலுவலகம். அந்தக் கதவின் மேல் தமிழில் என்ன எழுதுவது?

சொல் சுவீடிய மொழியிலிருந்து வந்தது. அங்கே ‘ஓம்புட்’ என்றால் இன்னொருவர் சார்பில் செயல்படுபவர், முகவர். 1713ஆம் ஆண்டு, போரில் தோற்று ஒட்டோமன் மண்ணில் தங்கியிருந்த மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ், நாட்டில் தம் அதிகாரிகள் சட்டப்படி நடக்கிறார்களா என்று கண்காணிக்க ஓர் உயர் ஆம்புட்ஸ்மனை ஏற்படுத்தினார். அவர் மன்னரின் ஆள். 1809ஆம் ஆண்டின் அரசியல் சாசனமோ நாடாளுமன்றத்தின் சார்பில் ஒருவரை அமர்த்தியது. 1962இல் நியூசிலாந்து இப்பதவியை ஏற்றது. 1965இல் கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகமும், 1967இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் இதைத் தம் வளாகத்துக்குக் கொண்டுவந்தன.

வளாகத்துக்கு வந்தபின் சொல்லின் பொருள் ஏறக்குறைய தலைகீழானது. இன்று பல பல்கலைக்கழகங்களில் ஆம்புட்ஸ்மன் மாணவருக்கும் முகவர் அல்லர், நிர்வாகத்துக்கும் முகவர் அல்லர். சார்பின்மை, தற்சார்பு, இரகசியம், முறைசாராமை ஆகிய நான்கும்தான் அந்தப் பதவியின் தூண்கள். அவர் விசாரணை நடத்துவதில்லை, தீர்ப்பு சொல்வதில்லை. காது கொடுத்துக் கேட்கிறார். எந்த விதி பொருந்தும், என்னென்ன வழிகள் உள்ளன என்று விளக்குகிறார். இரு தரப்பும் இசைந்தால் நடுவில் அமர்ந்து பேச வைக்கிறார். வந்தவர் பெயரை அவர் அனுமதியின்றி வெளியே சொல்வதில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து போன்ற நிலை மட்டுமே விலக்கு. ஒரே துறையிலிருந்து ஒரே வகைக் குறை திரும்பத் திரும்ப வந்தால், ஆளை அடையாளம் காட்டாமல் மேலிடத்துக்கு உணர்த்துகிறார்.

ஆகவே வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு ‘முகவர்’ என்று பெயர்த்தால் தவறாகிவிடும். நாளிதழ்களில் பழகிய ‘குறைதீர்ப்பாளர்’ வங்கிக்கும் காப்பீட்டுக்கும் பொருத்தமே. இழப்பீடு தருமாறு உத்தரவிடும் அதிகாரம் அங்கே உண்டு. பல்கலைக்கழகத்தில் அந்தச் சொல் தீங்கு செய்யும் என்றே நினைக்கிறேன். ‘தீர்ப்பாளர்’ என்ற பெயரைப் பார்த்து வரும் மாணவர், அவரிடம் சொன்னதாலேயே புகார் பதிவாகிவிட்டது என்று நம்பிக் காத்திருப்பார். உண்மையில் அவரிடம் பேசுவது முறையான புகார் ஆகாது. அந்த நம்பிக்கையில் புகாருக்கான காலக்கெடு கடந்துபோனால் இழப்பு மாணவருக்கே. ‘நடுவர்’ என்றாலும் வெற்றி தோல்வியை அறிவிப்பவர் என்றே காதில் விழுகிறது. ‘குறைகேள் அதிகாரி’ நெருங்கி வருகிறது, ஆனால் இவரிடம் இல்லாத ஒன்று அதிகாரம்தான்.

தமிழில் இந்தப் பணிக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு: சந்து செய்தல், அதாவது பகைத்தவரிடையே சமாதானம் பேசுதல். உறையூர் முற்றுகையின்போது சோழர் குடியின் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே நின்று, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று புலவர் கோவூர் கிழார் பாடியது (புறநானூறு 45) சந்து செய்யும் முயற்சிதான். ஆனால் அவர் ஊரறியப் பாடினார். இங்கே பேச்சு அறைக்குள் நிற்க வேண்டும். தவிர, ‘சந்து’ என்றதும் இன்று குறுகிய தெருதான் நினைவுக்கு வரும்.

எனக்கு நிறைவு தரும் சொல் ‘குறைகேட்பாளர்’. ‘கேள்’ என்றால் செவிகொடு, வினவு. உறவு, நட்பு என்றும் பொருள் உண்டு. இந்தப் பணிக்கு மூன்றும் வேண்டும். சுவீடியச் சொல்லின் ‘மன்’ ஆணைக் குறிக்கிறதே என்று ஆங்கிலத்தில் ‘ஆம்புட்ஸ்பெர்சன்’, ‘ஆம்புட்ஸ்’ என்றெல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. நம் ‘அர்’ விகுதி இருபாலரையும் மதிப்போடு ஏற்கிறது. சுருக்க நினைத்து ‘குறைகேளார்’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. அதற்குக் குறையைக் கேட்க மாட்டார் என்று பொருள்.