சாக்லேட் கரைந்துவிடும், பாதாம் கரையாது

கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள், பாளையங்கோட்டையில் என் கிளினிக்கிற்கு மூன்று வயதுப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆச்சி வந்தார். "கேரல் பவனிக்குப் போன இடத்தில் பனி பட்டுவிட்டது டாக்டரம்மா, சளிதான்" என்றார். காய்ச்சல் இல்லை, மூக்கும் ஒழுகவில்லை. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் வலதுபக்க நெஞ்சில் மட்டும் இளைப்புச் சத்தம். சளி இளைப்பு பெரும்பாலும் இரண்டு பக்கமும் கேட்கும். "பிள்ளைக்கு ஏதாவது புரையேறியதா ஆச்சி?" என்று மூன்றாம் தடவை கேட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. கிறிஸ்துமஸ் தாத்தா கொடுத்த சாக்லேட்டை வாயில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறாள். கண் கலங்க இருமினாள். முதுகைத் தடவிவிட்டதும் அடங்கிவிட்டது. வீட்டில் எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள்.

பாதாம் எக்ஸ்ரேயில் தெரியாது. காற்றை வெளியே விட முடியாமல் வலது நுரையீரல் உப்பியிருந்ததுதான் தெரிந்தது. மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் கருவியை விட்டு எடுத்தபோது வந்தது பாதி பாதாம். மேலே இருந்த சாக்லேட் வாயிலேயே கரைந்து போயிருந்தது. உள்ளே இருந்த பருப்பு மூச்சுக்குழாயின் ஈரத்தில் ஊறிக் கிடந்தது.

டிசம்பர் பிறந்தால் நம் ஊர்க் கடைகளில் ஹோம்மேட் சாக்லேட் தட்டுத்தட்டாக வந்துவிடும். சிவப்பு, பச்சை, தங்கநிற ஜிகினாத் தாளில் சுற்றி, கால் கிலோ, அரைக் கிலோ என்று நிறுத்துக் கொடுப்பார்கள். நானும் வாங்குகிறேன். பெரிய கம்பெனி டப்பாவை விட உள்ளூர்க் கடையில் எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு: சாக்லேட்டை உருக்கி அச்சில் ஊற்றியவரே பல கடைகளில் கல்லாவில் நிற்கிறார், கேட்டால் பதில் சொல்வார். ஆனால் நாம் கேட்பதில்லை. தாளைச் சுற்றிவிட்டால் எல்லா உருண்டையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நிறத்தைப் பார்த்து அள்ளிப்போடச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

முதலில் கேட்க வேண்டியது இதுதான்: உள்ளே பருப்பு இருக்கிறதா, முழுசா, பொடியா? ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முழுப் பாதாம், முந்திரி, நிலக்கடலை வைத்த சாக்லேட் வேண்டவே வேண்டாம். மிகச் சின்னவர்களுக்குக் கடைவாய்ப் பற்கள் முழுதாக வந்திருக்காது, பல் வந்தவர்களுக்கும் நன்றாக மென்று விழுங்கும் பக்குவம் இருக்காது. பருப்பு இல்லாததைத் தனி நிறத் தாளில் சுற்றித் தரச் சொல்லுங்கள். பவனிக்கு மொத்தமாக வாங்கும் சபை வாலிபர்களிடம் இதைக் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். தாத்தா வேடத்தில் இருப்பவர் தெருவில் கை நீட்டும் பிள்ளையின் வயதைப் பார்த்துக்கொண்டா கொடுப்பார்?

அடுத்தது ஒவ்வாமை. நம் வீட்டு முந்திரிக்கொத்தில் முந்திரி கிடையாது, சிறுபயறும் வெல்லமும்தான். சாக்லேட்டில் நிலைமை தலைகீழ். 'பிளெய்ன்' என்று பெயர் இருக்கும், ஆனால் காலையில் நிலக்கடலை கலந்த அதே பாத்திரத்தில் மாலையில் உருக்கியதாக இருக்கும். பால் சேர்க்காத டார்க் சாக்லேட்டிலும் இப்படித்தான் பால் ஒட்டிக்கொள்கிறது. கடுமையான ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அந்தத் துளி போதும். "எல்லாம் ஒரே பாத்திரம்தான் அம்மா" என்று ஒரு கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னால் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளைக்கு மட்டும் வேறு பலகாரம் கொடுங்கள்.

பாக்கெட்டில் வாங்கினால் சட்டப்படி அச்சிட்டிருக்க வேண்டிய விவரங்களைப் பாருங்கள்: 14 இலக்க உணவு உரிம எண், தயாரித்த தேதி, ஒவ்வாமை தரும் பொருள்கள், அளவில் அதிகமானது முதலில் வரும் சேர்மானப் பட்டியல். அந்தப் பட்டியலில் கோக்கோ வெண்ணெய் இருந்தால் அது சாக்லேட். அதற்குப் பதிலாக ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்பும் கோக்கோ பவுடரும் இருந்தால் 'காம்பவுண்ட்'. நம் வெயிலில் சீக்கிரம் உருகாது என்பதால் கடைகளில் அது நிறையப் புழங்குகிறது. விற்பதில் தவறில்லை, சாக்லேட் விலைக்கு விற்றால்தான் தவறு. மேலே வெள்ளை பூத்திருந்தால் பூஞ்சை என்று பயப்பட வேண்டாம், சூடுபட்டு இறுகியதில் கொழுப்பு மேலே வந்து படிவதுண்டு.

நம் ஊரில் கிறிஸ்துமஸ் தட்டு கிறிஸ்தவ வீட்டோடு நிற்பதில்லை. எதிர்வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கும் போகும், பக்கத்து வீட்டு மாமிக்கும் போகும். ரம்மில் ஊறிய திராட்சை வைத்த சாக்லேட்டும் இப்போது விற்கிறார்கள். அது எந்தப் பிள்ளைக்கும் ஆகாது, சில வீடுகளுக்கு ஏற்காது. டப்பாவுக்குள் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள்: பாதாம் இருக்கிறது, முட்டை இல்லை, மது இல்லை என்று. அந்த ஆச்சி அடுத்த ஆண்டு எனக்குத் தந்த டப்பாவில், கோணல்மாணலான எழுத்தில் அப்படி ஒரு சீட்டு இருந்தது.

சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடு வீங்குவது, உடம்பில் தடிப்பு, விடாத வாந்தி, இளைப்பு, குரல் கம்முவது என்று வந்தால் அரிப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். மூச்சுக்கோ உணர்வுக்கோ ஆபத்து என்றால் தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் மருந்து. 108-ஐக் கூப்பிடுங்கள்; பிள்ளையை நடக்கவிடாமல் படுக்க வையுங்கள், மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காரட்டும்.

புரையேறினால், பிள்ளை சத்தமாக இருமும்வரை இருமவிடுங்கள். சத்தமே வராமல் திணறினால் தலையைத் தாழ்த்திப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு பலமாகத் தட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை எடுக்க வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், அது இன்னும் உள்ளே போய்விடும். இருமல் அடங்கிய பிறகும் மருத்துவரிடம் கூட்டிப்போய், என்ன சாப்பிட்டாள், எப்போது புரையேறியது என்று நீங்களாகவே சொல்லுங்கள். நாங்கள் மூன்று தடவை கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.