ஓத நிலையம்: அளந்த எண்ணும் கடன் வாங்கிய எண்ணும்

ஓத நிலையம்: கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தையும் உயரத்தையும் கணிப்பதற்கு வேண்டிய எண்கள் நம் கைவசம் இருக்கும் ஓர் இடம். ஆங்கிலத்தில் 'டைட் ஸ்டேஷன்'.

'கடல்மட்டத்தை அளக்கும் இடம்' என்று எழுதாமல் இப்படிச் சுற்றி எழுதியதற்குக் காரணம் உண்டு. எக்ஸ்டைட், டபிள்யூஎக்ஸ்டைட்32, ஓப்பன்சிபிஎன் போன்ற இலவச மென்பொருள்களில் ஒன்றைக் கணினியில் நிறுவி வங்கக் கடலின் மேற்குக் கரையைப் பார்த்தால், நிலையங்கள் புள்ளிகளாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளியிலும் துறைமுகச் சுவரில் ஓர் அளவி பொருத்தப்பட்டு இந்த நிமிடமும் ஓடிக்கொண்டிருப்பதாக நினைக்கத் தோன்றும். உண்மையில் அந்த மென்பொருள் எந்த அளவியோடும் பேசுவதில்லை. இணைய இணைப்பே இல்லாத கணினியிலும், அடுத்த ஆண்டுப் பொங்கலன்று கடல் எத்தனை மணிக்கு ஏறும் என்று சொல்லிவிடும். அதனிடம் இருப்பவை எண்கள் மட்டுமே. அவற்றில் சில அந்தந்த இடத்திலேயே அளந்து பெற்றவை. மிகப் பல வேறோர் ஊரிலிருந்து கடன் வாங்கியவை. இந்த வேறுபாட்டை 'ஸ்டேஷன்' என்ற சொல்லும் காட்டுவதில்லை, 'நிலையம்' என்ற சொல்லும் காட்டுவதில்லை.

முதல் பாதியிலிருந்து தொடங்கலாம். 'ஓதம்' பழந்தமிழ்ச் சொல். கடல், அலை, வெள்ளம், ஈரம் என்று அகராதிகள் அதற்குப் பல பொருள் தருகின்றன. நீர் தன் எல்லையை மீறி ஏறுவது என்ற கருத்து இவை அனைத்துக்கும் அடியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. இன்றைய பேச்சில் இந்தச் சொல் கடலைவிடச் சுவரோடுதான் அதிகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புதுச்சேரியின் பழைய சுண்ணாம்பு வீடுகளில் அடிச்சுவர் ஈரம் மேலேறினால், 'ஓதம் ஏறியிருக்கிறது' என்று கொத்தனார் சொல்வார். விரைவீக்க நோய்க்கும் இதே பெயர் உண்டு. ஆகவே முன்பின் அறியாத முதியவரிடம் "ஓதம் எப்போது இறங்கும்?" என்று கேட்பதற்கு முன் சற்று யோசிப்பது நல்லது.

பாடநூல்கள் இந்தச் சொல்லைக் கடலுக்கே மீட்டுக் கொடுத்தன. நீர் ஏறி உச்சத்தில் நிற்பது உயர் ஓதம், வடிந்து அடியில் நிற்பது தாழ் ஓதம். இலங்கைத் தமிழில் 'வற்றுப்பெருக்கு' என்பார்கள். ஏறுவதையும் இறங்குவதையும் ஒரே சொல்லில் பிடித்துவிடுவதால் காட்சித் தெளிவு அதில்தான் கூடுதல். ஆனால் 'வற்றுப்பெருக்கு நிலைய அடைவு' (அடைவு என்றால் பட்டியல்) என்று சொல்லிப் பார்த்தால் மூச்சு வாங்குகிறது. கலைச்சொல் ஆக்குவதற்கு மூன்றே எழுத்தில் வேர்போல நிற்கும் 'ஓதம்'தான் வசதி. கரையில் இருப்பவர்களுக்கு இரண்டுமே தேவையில்லை. அவர்களுக்கு ஏற்றம், வற்றம் என்றாலே போதும். கடலுக்குள் பக்கவாட்டில் ஓடும் நீரோட்டத்தை மீனவர்கள் 'நீவாடு' என்கிறார்கள். மேற்சொன்ன மென்பொருள்களின் பட்டியலில் ஓத நிலையங்களோடு நீரோட்ட நிலையங்களும் கலந்திருக்கும் என்பதால், ஏற்றவற்றம் வேறு, நீவாடு வேறு என்ற இந்தத் தெளிவு கணினி முன் உட்காருபவருக்கும் வேண்டியிருக்கிறது.

ஆங்கிலச் சொல்லான 'டைட்' முதலில் குறித்தது காலத்தை. ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் காலம் என்று பொருள்படும் பழைய சொல் அது. இன்றைய ஜெர்மன் மொழியின் 'ட்ஸைட்' அதன் உறவு. வடமொழியின் 'வேலா' என்ற சொல்லும் காலம், கரை, கடல் ஏற்றம் ஆகிய எல்லாவற்றையும் குறிக்கும். தமிழில் அதுவே நேரத்துக்கு 'வேளை' என்றும் கடலுக்கு 'வேலை' என்றும் இரண்டாகப் பிரிந்து வழங்கியது. புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் 'மாரே' கடலைக் குறிக்கும் 'மேர்' என்பதிலிருந்து வந்தது. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார், இன்னொருவர் நீரைப் பார்த்துப் பெயர் வைத்தார். நம் ஓதம் பிரெஞ்சுப் பக்கம்.

இனி நிலையம். ஒரு தரவுக் கோப்பைத் திறந்து பார்த்தால் நிலையங்கள் இரண்டு சாதி என்பது தெரியும். டபிள்யூஎக்ஸ்டைட்32 பயன்படுத்தும் அடைவுக் கோப்பில் ஓத நிலையத்துக்கு உரிய ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஆங்கில 'டி' (T) எழுத்து இருக்கும். பெரிய எழுத்தாக இருந்தால் அந்த இடத்துக்குச் சொந்தமான கணிப்பு எண்கள் உண்டு. சின்ன எழுத்தாக இருந்தால் சொந்த எண் கிடையாது. வேறொரு நிலையத்தின் விடையை எடுத்து, நேரத்தில் இவ்வளவு கூட்டு அல்லது கழி, உயரத்தை இவ்வளவால் பெருக்கு என்ற குறிப்பு மட்டும் இருக்கும்.

முன்னதை முதன்மை நிலையம் என்றும் பின்னதைத் துணை நிலையம் என்றும் சொல்லத் தோன்றும். 'துணை' எனக்கு உடன்பாடில்லை. துணை என்றால் உதவுவது. துணை ஆட்சியர் ஆட்சியருக்கு உதவுகிறார். இந்த நிலையமோ முதன்மை நிலையத்துக்கு எள்ளளவும் உதவுவதில்லை, அதையே சார்ந்து பிழைக்கிறது. நம் இலக்கணம் இதே உறவுக்கு முன்பே பெயர் வைத்திருக்கிறது: முதலெழுத்து, சார்பெழுத்து. தனக்கென்று இயங்காமல் முதலெழுத்தைச் சார்ந்து வருவது சார்பெழுத்து. அதே தடத்தில் முதல் நிலையம், சார்பு நிலையம் என்றால் யார் யாரிடம் கடன்பட்டவர் என்பது பெயரிலேயே விளங்கிவிடும்.

கணக்கு எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு மாதிரி. இந்த எண்கள் செய்முறைக்காக நான் எடுத்துக்கொண்டவை, எந்தத் துறைமுகத்துக்கும் உரியவை அல்ல. சென்னையை முதல் நிலையமாகவும் கடலூரை அதன் சார்பு நிலையமாகவும் வைத்துக்கொள்வோம். சென்னையில் உயர் ஓதம் காலை 8.40, உயரம் 1.00 மீட்டர். கடலூருக்கான குறிப்பு '10 நிமிடம் கழி, 0.9ஆல் பெருக்கு' என்றால், கடலூரில் காலை 8.30, 0.90 மீட்டர் என்று திரையில் வரும். பார்ப்பவருக்கு அது கடலூரிலேயே பிறந்த எண் போலத் தோன்றும். அந்தக் குறிப்பும் திறந்த கடற்கரைக்கு உரியதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கெடிலமும் உப்பனாறும் கடலைச் சேரும் கடலூர் முதுநகர்ப் பகுதியில், முகத்துவாரத்தைத் தாண்டி உள்ளே போகப் போக ஓதம் தாமதமாகும், உயரமும் மாறும். முகத்துவாரத்தில் மணல் தூர்ந்தால் அந்தத் தாமதமே வேறாகிவிடும். பிச்சாவரத்து அலையாத்திக் காட்டு வாய்க்கால்களுக்குக் கடற்கரை எண்ணை அப்படியே பொருத்துவதும் சரிவராது.

முதல் நிலையத்துக்குச் சொந்தமான எண்களின் பெயர் 'ஹார்மானிக் கான்ஸ்டன்ட்ஸ்'. இயற்பியல் பாடத்தில் 'சீரிசை இயக்கம்' என்று படித்தவர்களுக்கு இது எளிது: சீரிசை மாறிலிகள். நிலவும் கதிரவனும் கடலை இழுக்கும் விசையைத் தனித்தனித் தாளங்களாகப் பிரிக்கிறார்கள். நிலவின் முதன்மைத் தாளத்துக்கு 12 மணி 25 நிமிடம், கதிரவனுடையதற்குச் சரியாக 12 மணி. நாளுக்கு ஒருமுறை ஏறுபவை வேறு. நிலவு அருகில் வருவதும் விலகுவதும் இன்னொரு தாளம். ஒவ்வொன்றையும் ஓர் 'ஓதக் கூறு' எனலாம். தாளங்களின் கால அளவு உலகெங்கும் ஒன்றே. ஓர் இடத்தில் ஒவ்வொரு கூறும் எவ்வளவு உயரம் எழுகிறது, எவ்வளவு பிந்துகிறது என்பவை மட்டும் அந்த இடத்துக்கே உரியவை. இந்த இரண்டிரண்டு எண்களே மாறிலிகள். குறைந்தது ஒரு மாதம், நன்றாக வேண்டுமானால் ஓர் ஆண்டு கடல்மட்டத்தைத் தொடர்ந்து குறித்துத்தான் அவற்றைப் பெற முடியும். பிறகு எல்லாவற்றையும் கூட்டினால் எந்த நாளின் ஓத வளைவும் வந்துவிடும்.

நிலவின் தாளமும் கதிரவனின் தாளமும் ஒத்துப்போகும் நாள்கள் அமாவாசையும் பௌர்ணமியும். அப்போது வரும் பெரிய ஓதத்தை ஆங்கிலத்தில் 'ஸ்பிரிங் டைட்' என்கிறார்கள். அந்த ஸ்பிரிங் வசந்த காலம் அன்று, துள்ளி எழுவது. 'வசந்த ஓதம்' என்று மொழிபெயர்த்தால் கடல் சிரிக்கும். முழுமதி, மறைமதி இரண்டையும் குறிக்க 'உவா' என்ற ஒரே சொல் தமிழில் இருக்கிறது; உவா ஓதம் என்றால் நாளும் பொருளும் சேர்ந்தே வந்துவிடும். அரைமதி நாள்களின் சிறிய ஓதத்தை அட்டமி ஓதம் எனலாம்.

இந்தக் கூட்டலைச் செய்ய முதலில் இருந்தவை பற்சக்கரங்களும் கப்பிகளும் கொண்ட பொறிகள். இயற்பியலாளர் கெல்வின் 1870களின் தொடக்கத்தில் ஒன்றை வடிவமைத்தார். இந்தியத் துறைமுகங்களுக்கென்றே எட்வர்ட் ராபர்ட்ஸ் மேற்பார்வையில் 1879இல் லண்டனில் ஒன்று கட்டப்பட்டது. இந்திய நில அளவைத் துறை இன்றும் ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. டேவிட் ஃபிளேட்டர் எழுதிய எக்ஸ்டைட் அந்தக் கப்பிகளின் வேலையைத்தான் கணினியில் செய்கிறது.

பட்டியலை 'இண்டெக்ஸ்' என்பார்கள். லத்தீனில் அதற்குச் சுட்டுவிரல் என்று பொருள். 'சுட்டி' என்று தமிழாக்கலாம். ஆனால் கணினி உலகில் அந்தச் சொல் ஏற்கெனவே எலிக்கும் இணைப்புக்கும் பங்கு போயாயிற்று. சொல்லடைவு, பொருளடைவு என்று நூல்களில் வழங்குவதால் 'நிலைய அடைவு' பொருத்தம். பெயர் எதுவானாலும் அதில் தேடுவதற்குத் தனிச் சாமர்த்தியம் வேண்டும். ஊர்ப் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில், பெரும்பாலும் பழைய எழுத்துக்கூட்டலில் கிடக்கும். சென்னை கிடைக்காவிட்டால் மெட்ராஸ் என்று தேட வேண்டும். புதுச்சேரிக்குப் பாண்டிச்சேரி, நாகப்பட்டினத்துக்கு நெகபட்டம். பெயரைவிட ஆள்கூறு நம்பகமானது: கடலூர் வடக்கு 11.75, கிழக்கு 79.77 பாகையை ஒட்டியது. 'அருகிலுள்ள நிலையம்' என்ற வசதி நேர்கோட்டுத் தொலைவை மட்டும் பார்க்கும். நம் கரை நேரானது என்பதால் இங்கே பெரிய கேடில்லை. பாம்பன் பக்கம் போனால், மன்னார் வளைகுடாவில் நிற்பவருக்குப் பாக் விரிகுடா நிலையத்தை அது எடுத்துக் கொடுக்கலாம். நடுவில் நிலம் கிடப்பது அதற்குத் தெரியாது.

திரையில் வரும் உயரம் எதிலிருந்து அளந்தது? ரயில் நிலையப் பலகையில் எழுதியிருக்கும் கடல்மட்டம் சராசரிக் கடல்மட்டம். ஓத அட்டவணையின் தொடக்கம் அதற்கும் கீழே, கடல் அரிதாகவே இறங்கும் ஒரு மட்டம். இதை 'ஓதச் சுழியம்' எனலாம். கழித்தல் குறியோடு ஓர் எண் வந்தால் கடல் வற்றிப்போனதாகப் பொருளில்லை, நீர் அந்தச் சுழியத்துக்கும் கீழே இறங்கும் என்பதே. நம் கரையில் ஓதம் உவா நாளிலும் சுமார் ஒரு மீட்டர்தான். குஜராத்தின் பவநகரில் பத்து மீட்டரையும் தாண்டும். இங்கே வீச்சு சிறியது என்பதால், வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சராசரி மட்டமே உயர்ந்து நிற்பது கணிப்பில் பெரிய பங்கு வகிக்கிறது.

கடைசியாக, 'பிரெடிக்‌ஷன்'. இதை முன்னறிவிப்பு என்று எழுதுவது தவறான நம்பிக்கையைத் தரும். வானிலை முன்னறிவிப்பு இன்றைய காற்றைப் பார்த்து நாளையைச் சொல்வது. ஓதம் பஞ்சாங்கம் போல: கிரகணத்தைச் சொல்லும், மழையைச் சொல்லாது. ஆகவே 'ஓதக் கணிப்பு'. 2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாள். அன்றைக்குக் கடலூரைக் கணிக்கச் சொன்னால் வழக்கமான உவா ஓதத்தின் வளைவு வரும், தேவனாம்பட்டினத்தில் ஏறிய ஆழிப்பேரலை வராது. ஆங்கிலத்தில் முன்பு அதை 'டைடல் வேவ்' என்று எழுதியதே பிழை. அதற்கும் ஓதத்துக்கும் தொடர்பில்லை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே 'தானே' என்ற புயல் கரையேறிய 2011 டிசம்பர் 30 காலையைக் கேட்டாலும் அப்படித்தான். அமாவாசை கழிந்து ஆறாம் நாள், அட்டமியை நெருங்கும் வளர்பிறை. மென்பொருள் ஒடுங்கிய, சின்ன வளைவு ஒன்றை வரைந்து காட்டும்.