அடுப்பங்கரையில் அணைந்த விளக்கு

குன்னூரில் ஐப்பசி அடைமழை தொடங்கினால் என் ரிப்பேர் மேசையில் எமர்ஜென்சி விளக்குகள் குவிந்துவிடும். போன ஐப்பசியில் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து ஓர் அக்கா கொண்டுவந்த விளக்கு, அணைத்த பிறகும் பூனைக்கண் போல மினுங்கியதாம். "டிரான்சிஸ்டர் லீக்", அதாவது விளக்கை எரித்து அணைக்கும் சுவிட்சான பாகம் மின்சாரத்தைக் கசியவிடுகிறது என்று, வேறொரு கடையில் அதை இருமுறை மாற்றியும் பயனில்லை. என் மேசையில் வைத்தால் சமர்த்தாக அணைந்து கிடந்தது. "அடுப்பங்கரையில் வைத்தாலும் இப்படித்தான் தம்பி, நல்ல பிள்ளையாகிவிடும்" என்றார். பாதி வேலையை அவரே முடித்துவிட்டார்.

டிரான்சிஸ்டரில் கசிவு இருந்தால் சூட்டில் அது கூடும்; 10 டிகிரிக்கு ஏறத்தாழ இரு மடங்கு. சூட்டில் குறைகிறதென்றால் ஈரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். போர்டில் துடைக்காமல் விட்ட ஃபிளக்ஸ் (பற்றவைப்புப் பசை) பிசுக்கு, மூடுபனியில் ஊறி, பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து பேஸுக்கு, அதாவது டிரான்சிஸ்டரைத் திறக்கும் காலுக்கு, கள்ளவழி திறந்துவிடுகிறது. அதில் 1 மைக்ரோ ஆம்பியர் போனாலே, பெருக்கம் 200 உள்ள பிசி 547 என்ற சிறு டிரான்சிஸ்டர் அதை 200 மைக்ரோ ஆம்பியர் ஆக்கிவிடும். இருட்டில் வெள்ளை எல்இடி மினுங்க அது தாராளம்.

விளக்கைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மலிவு விளக்குகள் பலவற்றில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. கெபாசிட்டர் வழியே நேராக மெயினில் சார்ஜ் ஆகும். பேட்டரி முனையைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும்.

பிறகு பேட்டரியில் ஓடவிட்டு, பேஸையும், மின்சாரம் வெளியேறும் காலான எமிட்டரையும் சிறு கம்பியால் இணையுங்கள். மினுக்கம் நின்றால் பெரும்பாலும் டிரான்சிஸ்டர் மேல் பழியில்லை. பேஸுக்கு எங்கிருந்தோ மின்சாரம் வருகிறது. நிற்காவிட்டால் மின்சாரம் நுழையும் கலெக்டர் காலை மட்டும் போர்டிலிருந்து கழற்றித் தூக்குங்கள். இப்போது நின்றால்தான் டிரான்சிஸ்டர் கெட்டது. இன்னும் எரிந்தால் போர்டிலேயே வேறு வழி இருக்கிறது. கழற்றிய டிரான்சிஸ்டரை மெகா ஓம் அளவில் சோதிக்கும்போது இரு முனைகளையும் விரலால் பிடிக்காதீர்கள். மீட்டர் உங்கள் உடம்பை அளந்துகொண்டிருக்கும். தொழில் பழகிய நாளில் நல்ல டிரான்சிஸ்டர்கள் பலவற்றை அப்படித்தான் குப்பையில் போட்டேன்.

உண்மையில் கெட்டவையும் வரும். 100 மில்லி ஆம்பியர் மட்டுமே தாங்கும் பிசி 547-இல் பன்னிரண்டு எல்இடிகளைத் தலைக்கு 15 வீதம் கட்டினால் 180 ஆகிறது. அது எத்தனை நாள் உழைக்கும்? அந்த இடத்தில் டி 882 என்ற பெரிய டிரான்சிஸ்டரைப் போடுவேன், கால்களின் வரிசை மாறுவதைக் கவனித்து.

அக்காவின் போர்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு கழுவி, காயவைத்து, பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தேன். இனி அந்த 1 மைக்ரோ ஆம்பியர் வந்தாலும் பேஸில் 10 மில்லி வோல்ட்தான் எழும். டிரான்சிஸ்டர் விழிக்க 600 வேண்டும். சில காசு ரெசிஸ்டர்தான், விளக்கைச் செய்தவர்கள் அதையும் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

முன்பு கழற்றிய இரண்டு டிரான்சிஸ்டர்களையும் அக்கா காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். சோதித்தேன். இரண்டும் நல்லவை.