‘தன்னம்பிக்கையோடு இரு’ என்று சொல்வதற்கா வழிகாட்டி?

முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைக்காமல் இந்த ஆண்டு என் அறைக்கு வந்த மாணவர்களில் இவள் நான்காவது. லண்டனில் பிறந்து வளர்ந்த வங்கதேசக் குடும்பத்துப் பெண். ஆற்று வண்டலில் சேரும் நுண்நெகிழி, அதாவது மிகச் சிறிய பிளாஸ்டிக் துகள்கள், பற்றிய இளங்கலை ஆய்வேட்டில் முதல் வகுப்பு வாங்கியவள். முனைவர் பட்ட விண்ணப்பம் முதல் சுற்றிலேயே தள்ளுபடியாகிவிட்டது.

“உன் ஆய்வை வழிநடத்தப்போகும் நெறியாளருக்கு முன்பே எழுதினாயா?” என்று கேட்டேன்.

“அது சிபாரிசு கேட்பதாகிவிடாதா?” என்றாள்.

சிறுபான்மை மாணவர்களுக்கான வழிகாட்டித் திட்டத்தில் ஓராண்டு இருந்தவள். ஆறு சந்திப்புகள், ஆறிலும் தன்னம்பிக்கைச் சொற்பொழிவு. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

இவர்களுக்கா தன்னம்பிக்கை இல்லை? சனி, ஞாயிறு கடையில் நின்றுகொண்டே ஆய்வேட்டை முடித்தவள். அக்காள் மகனின் பூட்ஸை இரவல் வாங்கி, பெரிதாக இருந்ததால் இரண்டு சோடி காலுறை மாட்டிக்கொண்டு களப்பயணம் போனவள். அவளிடம் இல்லாதது தகவல். விண்ணப்பத்துக்கு முன் நெறியாளருக்கு எழுதிப் பேசுவது இங்கே பிரிட்டனில் வழக்கம், குறுக்குவழி அல்ல. பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு இது இரவுச் சாப்பாட்டின்போதே காதில் விழுந்துவிடும். அரசு நிதியில் சேர்பவர் கட்டணம் கட்ட வேண்டியதில்லை, 2025-26இல் குறைந்தபட்ச உதவித்தொகை 20,780 பவுண்டு என்பதும் அவளுக்குத் தெரியாது. இன்னொரு கடன் என்றே அவள் அம்மா நினைத்திருக்கிறார்.

சிறுபான்மை மாணவர்களுக்கென்று வழிகாட்டித் திட்டமா, ‘இது இடஒதுக்கீடு’ என்று முணுமுணுக்கும் சக ஊழியர்களுக்கு ஒரு வரி: பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 158ஆம் பிரிவு இத்தகைய உதவியை அனுமதிக்கிறது. இடத்தை அவள்தான் போட்டியிட்டுப் பெற வேண்டும்.

வழிகாட்டிகளே, முதல் சந்திப்பிலேயே விண்ணப்பக் கெடுவைக் காலண்டரில் குறியுங்கள். பல இடங்களில் ஜனவரியிலேயே கெடு முடிந்துவிடும், வசந்தத்தில் அறிவுரை சொல்லிப் பயனில்லை. ஊதியமில்லாத களப்பணியை ‘நல்ல அனுபவம்’ என்று தலையில் கட்டாதீர்கள். தேர்வுக் குழுவில் இருப்பவர் வழிகாட்டியாக வேண்டாம். துறைத் தலைவர்களே, எனக்கும் மாநிற முகம் என்பதற்காக எல்லாச் சிறுபான்மை மாணவர்களையும் என் அறைக்கே அனுப்பாதீர்கள். அனுப்பினால் அந்த மணிநேரத்தை என் பணிக்கணக்கில் சேருங்கள்.

மாணவர்களே, தயவுசெய்து நெறியாளருக்கு எழுதுங்கள். நான்கு வரி போதும்.

போன வாரம் அடுத்த சுற்றுக்காக நெறியாளருக்கு எழுதிய கடிதத்தை அவள் கொண்டுவந்தாள். ‘தொந்தரவுக்கு மன்னிக்கவும்’ என்று தொடங்கி, மன்னிப்பிலேயே முக்கால் பக்கம். அவற்றையெல்லாம் அடித்தேன். மிஞ்சியவை வண்டல் மாதிரிகளைப் பற்றிய ஒரு கேள்வியும் அவள் பெயரும். அப்படியே அனுப்பச் சொன்னேன்.