ரீகால்: திரும்ப அழைத்தல்

கார் கம்பெனி பிரேக்கில் கோளாறு என்று விற்ற வண்டிகளைத் திரும்பப் பெற்றால் அது ரீகால். ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆளை, பதவிக்காலம் முடியுமுன் ஓட்டுப் போட்டே வீட்டுக்கு அனுப்பினால் அதுவும் ரீகால்தான். இந்த இரண்டாவது பொருளைத் தமிழில் பதவி நீக்கம், பதவிப் பறிப்பு, மறுதேர்தல் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். மூன்றும் பொருந்தாது.

‘ரீ’ என்பது லத்தீன் முன்னொட்டு. மீண்டும், திரும்ப என்று பொருள். ‘கால்’ பழைய நார்ஸ் மொழியின் ‘கல்லா’விலிருந்து வந்தது. சேர்த்தால் திரும்பக் கூப்பிடுதல். யாரைக் கூப்பிடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1781-ல் நடைமுறைக்கு வந்த, அமெரிக்காவின் முதல் அரசியலமைப்பான கூட்டமைப்பு விதிகளின் ஐந்தாம் பிரிவின்படி, ஒவ்வொரு மாநிலமும் காங்கிரசுக்கு அனுப்பும் பிரதிநிதிகளை ஆண்டின் எந்த நேரத்திலும் திரும்ப அழைத்துக்கொண்டு வேறு ஆளை அனுப்பலாம். தூதரைத் திரும்ப அழைப்பதைப் போன்ற ஏற்பாடு. அழைத்துக்கொள்ளும் உரிமை அப்போது மாநிலத்துக்குத்தான், வாக்காளருக்கு இல்லை. 1787-ல் எழுதிய அரசியலமைப்பில் அதுவும் இடம்பெறவில்லை.

அமெரிக்காவில் வாக்காளர் கைக்கு அது வந்தது 1903-ல். ஜான் ராண்டால்ஃப் ஹெய்ன்ஸ் என்ற டாக்டர் விடாப்பிடியாக நின்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரச் சாசனத்தில் ரீகாலைச் சேர்க்க வைத்தார். அடுத்த ஆண்டே ஒரு நகர்மன்ற உறுப்பினர் பதவி இழந்தார். 1908-ல் ஓரிகன், 1911-ல் கலிபோர்னியா என்று மாநிலங்களும் எடுத்துக்கொண்டன. ஹெய்ன்ஸ் பின்னாளில் அதே நகரின் குடிநீர், மின்சார வாரியத்தில் உறுப்பினராக இருந்தார். அது ஓட்டுக்கு வராத நியமனப் பதவி என்பது தனி வேடிக்கை.

கலிபோர்னியாவில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆளுநரின் ரீகால்தான் நமக்குச் செய்தியாக வருகிறது: 2003-ல் கிரே டேவிஸ் போய் அர்னால்டு ஷ்வார்செனேகர் வந்தது, 2021-ல் கேவின் நியூசம் தப்பித்தது. ஆனால் குடிநீர், மின்சாரம், சாக்கடை இவற்றுக்கென்றே எல்லை வகுத்து, தனியாகத் தேர்தல் நடத்தி, கட்டணத்தை நிர்ணயிக்கும் அமைப்புகள் கலிபோர்னியாவில் ஏராளம். அவற்றின் உறுப்பினர்களையும் மக்கள் திரும்ப அழைக்கலாம். பெயரில் ‘யுடிலிட்டி டிஸ்ட்ரிக்ட்’ என்று இருப்பதால் ‘பயன்பாட்டு மாவட்டம்’ என்று எழுதிவிடக் கூடாது. கலெக்டர் இல்லாத மாவட்டமா என்று படிப்பவர் குழம்பிப் போவார். நம்மிடம் வாரியம் என்ற சொல் தயாராக இருக்கிறது: மின்சார வாரியம், குடிநீர் வடிகால் வாரியம். உத்திரமேரூர்ச் சோழர் கல்வெட்டில் ஏரி வாரியம் வருகிறது. வாரியத்தில் இருப்பவரிடம் குற்றம் கண்டால் அவரை விலக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அதை உலகின் முதல் ரீகால் என்று சிலர் ஃபார்வர்டு செய்வது மிகை; அங்கே வாக்கெடுப்பு எதுவும் இல்லை.

சரி, இது நடப்பது எப்படி? எட்டாயிரம் வாக்காளர் உள்ள ஒரு குடிநீர் வாரியம் என்று வைத்துக்கொள்வோம். கலிபோர்னியச் சட்டப்படி, உறுப்பினர் பதவியேற்று 90 நாள் ஆகியிருக்க வேண்டும். பதவிக்காலத்தில் ஆறு மாதத்துக்கு மேல் மிச்சமிருக்க வேண்டும். முதலில் நோட்டீஸ், காரணத்தை 200 சொல்லுக்குள் சொல்ல வேண்டும். உறுப்பினரும் 200 சொல்லுக்குள் பதில் தரலாம். அப்புறம் மனுவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் 90 நாளுக்குள் 25 சதவீதம், அதாவது 2,000 பேரின் கையெழுத்து வாங்க வேண்டும். பதிவு செய்த வாக்காளர் கையெழுத்து மட்டுமே செல்லும். ஒரு லட்சம் வாக்காளருக்கு மேல் என்றால் 10 சதவீதம் போதும், கெடு 160 நாள். ஊழல் செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. கட்டணத்தை ஏற்றிவிட்டார் என்பதே காரணமாக இருக்கலாம். ஓரிகனுக்கு வடக்கே உள்ள வாஷிங்டன் மாநிலம் அப்படி இல்லை. அங்கே கடமை தவறியதாகக் குற்றச்சாட்டு வேண்டும், அது செல்லுமா என்று நீதிபதி பார்த்த பிறகுதான் கையெழுத்தே தொடங்கும்.

தண்ணீர்க் கட்டணத்துக்காக நடந்த ரீகாலில் சொல்லத்தக்கது அரிசோனாவின் டூசான். தனி வாரியம் அல்ல, நகர்மன்றமே நடத்தும் குடிநீர்த் துறை. 1976-ல் நகர்மன்றம் கட்டணத்தை ஏற்றியது. மேட்டுப் பகுதிகளுக்குத் தண்ணீரை ஏற்றும் செலவுக்கென்று தனிக் கட்டணமும் போட்டது. பாலைவன ஊர், உச்சி வெயில் மாதம், கையில் புது பில். 1977 ஜனவரியில் ஏற்றியவர்களை மக்கள் பதவியிலிருந்து இறக்கினார்கள். ஆனால் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போன ஊரில் புதிதாக வந்தவர்கள் என்ன செய்ய முடியும்? மேட்டுக் கட்டணம் போனது, பொதுக் கட்டண உயர்வை அவர்கள் கைவிடவில்லை. அதே ஆண்டு கோடையில், மாலை நேரத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடாதீர்கள் என்ற பிரசாரத்தையும் தொடங்கினார்கள்.

இனி தமிழ்ச் சொல். ‘பதவி நீக்கம்’ மேலிடத்தில் இருப்பவரோ சட்டமன்றமோ செய்வது. ‘நம்பிக்கையில்லாத் தீர்மானம்’ மன்றத்துக்குள்ளேயே நடப்பது. ‘திரும்பப் பெறுதல்’ காருக்கும் மாத்திரைக்கும் மசோதாவுக்கும் சரி. மனிதரை என்றால் ‘திரும்ப அழைத்தல்’தான், தூதர் விஷயத்தில் நாளிதழ்கள் பல காலமாக எழுதுவதும் இதையே. சுருக்கமாக ‘மீளழைப்பு’ எனலாம், ஆனால் செய்தியில் அதைப் படிப்பவர் ஒரு நொடி தடுமாறுவார்.

அடுத்தது தேர்தலா, வாக்கெடுப்பா? அரிசோனாவில் பதவியில் இருப்பவரும் எதிர்ப்பவரும் ஒரே வாக்குச்சீட்டில் போட்டியிடுகிறார்கள். அது தேர்தல். கலிபோர்னியாவில் முன்பு இரண்டு கேள்விகள் இருந்தன: இவர் போகட்டுமா, போனால் யார்? உள்ளாட்சிப் பதவிகளுக்கு 2023-லிருந்து முதல் கேள்வி மட்டுமே. காலியாகும் இடத்தை வேறு வழியில் நிரப்புவார்கள். ஆகவே அங்குள்ள செய்தியை ‘குடிநீர் வாரிய உறுப்பினரைத் திரும்ப அழைக்க வாக்கெடுப்பு’ என்று எழுதுவதே சரி.